வாபஸ் அக்கா

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில், "அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன். "சேலம்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. பத்து நிமிடம் கழித்து லைனின் அந்தக் கோடியிலிருந்து பதினான்கு மெஷின்களையும் தாண்டி, வலது முழங்காலைப் பிடித்தபடி நடந்து என் மேஜைக்கு வந்தாள்.

"சேலம்னு சொன்னன் பாரு, அது வாபஸ். எனக்கு சிங்காரப்பேட்டை."

"பொறவு எதுக்குக்கா சேலம்னு சொன்னீங்க?"

"அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் நடக்கறன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஓசூரில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்து கொடுக்கும் கம்பெனி அது. ஒயரின் நுனியில் சின்னப் பித்தளை முனையை வைத்து அழுத்துகிற மெஷின்கள் எங்கள் லைனில் பதினான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பெண். அத்தனை பேருக்கும் அக்காதான் லீடர். நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, சரக்கைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற குவாலிட்டி வேலையில் சேர்ந்திருந்தேன். அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. லைனில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதும் இல்லை. 'வாபஸ் அக்கா' என்றால் செக்யூரிட்டி வரைக்கும் தெரியும்.

அவளுக்குப் பொய் ஒரு தும்மல் மாதிரி வந்துவிடும். லாபத்துக்காகச் சொல்கிற பொய் இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டால், சாப்பிடாத அன்றைக்கு இட்லி தின்றதாகச் சொல்வாள். இட்லி தின்ற அன்றைக்குப் பூரி என்பாள். மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அவளுக்கு மட்டும் அது நெஞ்சில் மீன்முள் சிக்கினாற்போல. சொல்லி முடித்த நிமிடமே முகம் மாறும். பிறகு அந்த ஆளைத் தேடிப் போய் 'வாபஸ்' சொல்லும்வரை நிலைகொள்ள மாட்டாள். பாத்ரூமுக்குள் போய்விட்ட பெண்ணுக்குக் கதவுக்கு வெளியே நின்று வாபஸ் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

நானும் அவளும் ஒரே இடத்தில் பஸ் ஏறுவோம். உத்தனப்பள்ளியில் என் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா வாழ்க்கைப்பட்டு வந்ததும் அந்த ஊருக்குத்தான். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில். கம்பெனி பஸ் தூரத்தில் தெரிந்ததும் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பிக் கதவின் முன்னால் போய் நிற்பாள். கண்ணை மூட மாட்டாள். எதிரில் நிற்கிற ஆளிடம் பேசுவது போலப் பேசுவாள். எனக்கும் கேட்கும்.

"ஆத்தா, இன்னைக்குப் பொழுதுக்கு என் வாயப் பாத்துக்கோ. சாயங்காலம் வந்து சொல்றன்."

அவ்வளவுதான். சாயங்காலம் இறங்கியதும் மறுபடி போய் நிற்பாள். "இன்னைக்கு ரெண்டு. ரெண்டும் வாபஸ் வாங்கிட்டன்," என்பாள். ஒன்றுமே இல்லாத நாளில், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை போல முகம் இருக்கும்.

ஒருநாள் கேட்டேன். "தெனமும் இதையே கேக்கியளே. மொத்தமா ஆயுசுக்கும் சேத்துக் கேட்டா என்னக்கா?"

"கேட்டன். இனிமே பொய்யே பேசமாட்டன், நீ சாட்சின்னு சூடத்த அடிச்சு அணைச்சன். எவ்ளோ நாளு தாங்குச்சுன்னு நெனைக்கற?"

"ஒரு மாசம்?"

"மூணு நாளு. நாலாம் நாளு விடிஞ்சதுமே ஒண்ணு. சரி, மறுக்கா சத்தியம். அது ரெண்டு நாளு. என் சாமர்த்தியத்துல நிறுத்தலாம்னு பாத்தா ஒண்ணும் ஆவல. அப்பறம் ஒரு நாளு வந்து நின்னு, என்னால முடியல, நீயே பாத்துக்கோன்னு உட்டுட்டன். அன்னைக்கு ஒண்ணும் வரல. மறுநாளு கேக்காம வந்துட்டன். அன்னைக்கு ஏழு." சிரித்தாள். "நேத்து தின்ன சோத்துக்கு இன்னைக்குப் பசி அடங்குதா? அதே மாதிரிதான் இதுவும்."

இந்தப் பொய் நோய் அவளை ஏன் இப்படிப் படுத்துகிறது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரு பொங்கல் லீவு முடிந்து வந்த அன்று பஸ்ஸில் அவளாகவே சொன்னாள்.

அவளுக்கு அத்தை மகள் ஒருத்தி. ஒரே வயது, ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். அந்தப் பெண்ணை மத்தூர் பக்கத்திலிருந்து கேட்டு வந்தார்கள். பேசி முடித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் உட்கார்ந்து அக்காவிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க, பேச்சு சுவாரசியத்தில், "சின்னதுல அவளுக்கு வலிப்பு வரும், நான்தான் இரும்பு குடுப்பன்," என்று சொல்லிவிட்டாள். அப்படி ஒன்று நடந்ததே இல்லை. வந்தவர்கள் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"வாபஸ் வாங்கலையாக்கா?"

"அன்னைக்கு எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. பயத்துல வாய மூடிகினு இருந்துட்டன். அப்பறம் ரெண்டு வருசம் அவளுக்கு ஒண்ணுமே அமையல."

பிறகு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகளும் பிறந்து நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் அக்காவோடு பேச்சு நின்றுபோயிற்று. ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா சிங்காரப்பேட்டைக்குப் போய், அவள் வீட்டு வாசலில் நின்று, "நான் சொன்னது பொய், தப்பு என்னுது," என்று சொல்லிவிட்டு வருவாள். அவள் பதில் பேசமாட்டாள். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

"எத்தனை வருசமாக்கா?"

"எட்டு. இந்தத் தடவ தண்ணி வெக்கல." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் பக்கம் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "மோரு வெச்சா."

அவளுக்கு மூன்று பாஷை. பிறந்த வீட்டில் தமிழ், மாமியார் வீட்டில் தெலுங்கு, லைனில் பாதிப் பேரோடு கன்னடம். மூன்றிலும் பொய் சரளமாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல்லிலிருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு கன்னடக்காரப் பெண்ணிடம் தான் ஒரு டீச்சர் என்று ஆரம்பித்திருக்கிறாள். பெரிய பையன் பட்டாளத்தில் இருக்கிறான், சின்னவன் டாக்டருக்குப் படிக்கிறான், வீட்டைச் சுற்றி மாமரம். அத்திப்பள்ளி வருவதற்குள் ஒரு குடும்பத்தையே கட்டி எழுப்பியாகிவிட்டது. அப்புறம்தான் முள் குத்த ஆரம்பித்தது. ஓசூரில் இறங்குவதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "நானு ஹேளித்தெல்லா சுள்ளு," நான் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்லியிருக்கிறாள்.

"அந்தம்மா என்ன சொல்லிச்சு?"

"என்னையே கொஞ்ச நேரம் பாத்துச்சு. அப்பறம் 'நந்தூ அர்தா சுள்ளே' அப்பிடின்னுச்சு. அதோடதும் பாதி பொய்யாம்." அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து டீ குடிச்சுகினே முதல்லருந்து மறுக்கா பேசுனோம். நெசத்துல அது வீட்டுக்காரரும் லேத்துலதான் வேல செய்யறாரு, என் வீட்டுக்காரரு மாதிரியே."

மாமியாரிடம்தான் கஷ்டம். அந்தம்மா சாரு என்கிற ரசத்தை வைத்துவிட்டு, "பாகுந்தா?" என்று ஆசையாகக் கேட்கும். முதலில் எல்லாம், "சால பாகுந்தி," ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவிக்கொண்டே, "அத்தா, உப்பு எக்குவாயிந்தி," உப்பு கூடிவிட்டது என்று வாபஸ் வாங்குவாள். இரண்டு நாள் மாமியார் முகம் கொடுக்காது. மூன்றாம் நாள் அந்தம்மாவே, "உன்ன வேற ஒண்ணு கேக்கறன். நேத்துக்கு இன்னைக்குத் தேவலையா?" என்று கேட்கும். அதற்கு ஆம் என்று சொல்ல முடிகிற மாதிரி சமைத்துவிட்டுத்தான் கேட்கும்.

லைனில் இந்தக் குணத்தால் அவளுக்குக் கெட்ட பெயர் வந்ததும் உண்டு. எங்கள் பஸ் சானமாவு காட்டைத் தாண்டித்தான் ஓசூருக்குள் நுழையவேண்டும். பஸ் தாமதமானால் யானை ரோட்டில் நின்றது என்று சொல்லிவிட்டால் கம்பெனியில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒருநாள் டிரைவர் வழியில் வண்டியை நிறுத்தி ஆற அமர டீ குடித்துவிட்டார். இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. கேட்டில் இறங்குவதற்கு முன்னால் நாற்பது பெண்களும் யானை என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு யானையா இரண்டா என்பதுகூடப் பேசியாகிவிட்டது. கேட்டில் புரொடக்ஷன் இன்சார்ஜ் நின்றுகொண்டிருந்தார். நாற்பது பேரையும் விட்டுவிட்டு அவர் அக்காவைப் பார்த்தார்.

"என்னம்மா, யானையா?"

அக்கா எங்கள் எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இல்ல சார். டீ," என்றாள்.

எல்லாருக்கும் அரை நாள் சம்பளம் போயிற்று. மதியம் கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேஜையில் ஒருத்தியும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் என்னிடம், "யானைன்னு நுனி நாக்குல நின்னுச்சு. அது எப்பிடித் தள்ளிப்போச்சுன்னு எனக்கே தெரியல," என்றாள். அவமானப்பட்டவள் மாதிரியே இல்லை. ஏதோ வித்தையைப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். அதற்கப்புறம் நிஜமாகவே யானை நின்ற நாட்களில் இன்சார்ஜ் அவளை மட்டும்தான் கேட்பார். அவள் 'யானைதான் சார்' என்றால் நாற்பது பேருக்கும் கேள்வி கிடையாது. கோபித்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக மேஜைக்குத் திரும்பி வந்தார்கள்.

இப்படிச் சின்னச் சின்னதாகவே போயிருந்தால் அவளை நினைத்துச் சிரிப்பதோடு நின்றிருப்பேன்.

மஞ்சுளா என்று ஒருத்தி ஏழாம் மெஷினில் இருந்தாள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கன்னடம்தான் பேசுவாள். தமிழ் மெதுவாகப் பேசினால் கொஞ்சம் புரியும், படிக்க வராது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கத்தினாள். மெஷின் அவளுடைய வலது ஆள்காட்டி விரலின் நுனியை அழுத்திவிட்டது. ஒயர் மட்டும் நுழைகிற மாதிரி அங்கே ஒரு கண்ணாடி மூடி இருக்கவேண்டும். கவர் என்போம். அன்றைக்கு அது இல்லை.

அக்காதான் அவள் கையைத் தன் முந்தானையில் சுற்றி, ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் கூட ஏறிப் போனாள். நகமும் அதற்குக் கீழே கொஞ்சம் சதையும் போய்விட்டன. எலும்பு தப்பியது.

கவர் சனிக்கிழமையே கழற்றப்பட்டது. முனை அடிக்கடி சிக்கிக்கொள்கிறது, கவர் இருந்தால் எடுக்க நேரமாகிறது, டார்கெட் போகவில்லை என்று இன்சார்ஜ் மெயின்டனன்ஸ் ஆளிடம் சொல்லிக் கழற்றச் சொன்னார். அக்கா அதைப் பார்த்தாள். திங்கட்கிழமை மாட்டிவிடுவோம் என்றார்கள். மாட்டவில்லை. ஆனால் ஷிப்ட் தொடங்கும்போது நிரப்புகிற செக் ஷீட்டில், திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஏழாம் மெஷினுக்கு நேரே, 'கவர் உள்ளது' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அக்கா போட்டது. அதற்குக் கீழே கையெழுத்து. நான் போட்டது.

யாரும் மெஷினைப் போய்ப் பார்த்து டிக் போடுவதில்லை. மேஜையில் உட்கார்ந்தபடியே மேலிருந்து கீழே பதினான்கு டிக், அதற்கு அடியில் என் கையெழுத்து. நான் சேர்வதற்கு முன்பிருந்தே வருடக்கணக்கில் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கோயிலுக்குப் போகவில்லை. நேரே வீட்டைப் பார்த்து நடந்தாள். மறுநாள் காலையில் நான் போகும்போது கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை. டிரைவர் மூன்றாம் முறை அடித்த பிறகுதான் வந்து ஏறினாள்.

"இத்தினி வருசமா வாய மட்டும்தான் பாத்துக்கச் சொன்னன். கையப் பாத்துக்கச் சொல்லவே இல்ல," என்றாள். "வாயால ஒண்ணு சொன்னாக்கூடத் தேடிப் போயி வாபஸ் வாங்கறன். கை தெனம் பதினாலு சொல்லிகினு இருந்திருக்குது."

"அக்கா, அதெல்லாம் எல்லாரும் போடுறதுதானே."

"மஞ்சுளாவுக்குத்தான விரலு போச்சு."

வியாழக்கிழமை விசாரணை. மஞ்சுளாவே வேகமாக வேலை செய்வதற்காகக் கவரைக் கழற்றிவிட்டாள் என்று ஆபீசில் பேச்சு அடிபட்டது. அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது என்பதை இப்போது மறைப்பதில் பிரயோஜனமில்லை. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஊரில் அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அக்காவுக்கும் இழக்க இருந்தது. ஒன்பது வருடம் நின்றே வேலை பார்த்து, முழங்கால் தேய்ந்த பிறகுதான் லீடர் ஆனாள். லீடருக்கு ஒரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலிக்காகவே அவள் மாரியம்மனுக்கு நன்றி சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன்.

"அக்கா, நீங்க பொய் சொல்லவே வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் பேசாம இருந்தாப் போதும்லா. அது பொய் ஆகாதுல்லா."

அக்கா யோசித்தாள். பிறகு சிரித்தாள். "தப்பிக்க நல்ல சந்துதான் இருக்குது. இத்தினி நாளு எனக்குத் தோணாம போச்சே."

"விளையாடாதிய. ஒங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"தெரியும் கண்ணு." என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்குது. நாளைக்கு என்னா பேசுவன்னு எனக்கே தெரியாது. என்ன நம்பாத. நானே என்ன நம்பறதில்ல. நாளைக்கு காலைல கேட்டுப் பாக்கறன்."

மறுநாள் காலையில் அவள் கோயில் முன்னால் நின்றபோது நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வாய், கை இரண்டையும் சொன்னாள். கடைசியில், "காலும் நடுங்குது, அதயும் பாத்துக்கோ," என்றாள்.

பதினோரு மணிக்கு எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே எச்.ஆர். அதிகாரி, இன்சார்ஜ், கையில் பெரிய கட்டோடு மஞ்சுளா. மேஜைமேல் இங்கிலீஷில் அடித்த ஒரு தாள். எச்.ஆர். அதிகாரி அதைத் தமிழில் வேகமாகப் படித்தார். 'டார்கெட்டை முடிக்கும் அவசரத்தில் நானே கவரைக் கழற்றினேன்' என்ற வரி அதில் இருந்தது. மஞ்சுளா புரியாமல் அக்காவைப் பார்ப்பது கதவிடுக்கில் தெரிந்தது.

"நீங்க கன்னடத்துல சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி அக்காவிடம். "வரிக்கு வரி வேண்டாம். ஆஸ்பத்திரி செலவு, லீவு எல்லாம் வர்றதுக்கான பேப்பர்னு சொல்லுங்க. அதுவும் உண்மைதானே."

அக்கா வாயைத் திறந்தாள். அவளுக்கு அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஒரு குடும்பத்தையே கட்டியவள். ஒரு வரி சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம்.

"சார், மறுக்கா மெதுவாப் படிங்க," என்றாள்.

அவர் படித்தார். அக்கா ஒவ்வொரு வரியாகக் கன்னடத்தில் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை. கவர் வரி வந்ததும் அதை இரண்டு தடவை சொன்னாள். மஞ்சுளா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"நானு தெக்தில்ல," என்றாள். நான் கழற்றவில்லை. "நானு தெக்தில்ல அக்கா."

"இவங்க எடுக்கலைன்னா யாரு எடுத்தது?" என்றார் அதிகாரி. செக் ஷீட்டை அக்காவின் பக்கம் தள்ளினார். "காலையில கவர் இருந்துச்சுன்னு நீங்களே டிக் போட்டிருக்கீங்க."

"அந்த டிக் பொய் சார். நான் பாக்காம போட்டன். சனிக்கிழமை கழட்டும்போது நான் பக்கத்துல நின்னுகினு இருந்தன். திங்கக்கிழமை மாட்டிட்டாங்களான்னு போய்ப் பாக்கல."

"இதை எழுதினா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். எழுதிக்கோங்க."

இன்சார்ஜ் தலையைக் குனிந்துகொண்டார். யார் கழற்றச் சொன்னது என்று அதிகாரி கேட்டபோது அக்கா பதில் சொல்லத் திரும்பினாள். அதற்குள் அவரே, "நான்தான் சார்," என்றார். தாழ்ந்த குரல். கெட்ட மனிதர் இல்லை அவர். அவருக்கு மேலேயும் கடிகாரத்தோடு ஆட்கள் நின்றார்கள்.

அக்கா வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"உன் பேர அவங்க கேக்கல. நானா எடுக்கல," என்றாள். "உன்னுது உனக்கு."

என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி என் கையெழுத்தைக் காட்டினார். அவர் குரல் மாறியிருந்தது. எனக்கு வழி விடுகிற மாதிரி இருந்தது. "நீங்க கையெழுத்து போடும்போது ஏழாம் மெஷின்ல கவர் இருந்ததா? அதுக்கப்புறம் கழட்டியிருக்கலாம் இல்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அக்கா சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் பொய்யாகிவிடும். மஞ்சுளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் பக்கம் நானாக ஒருநாளும் போய் நின்றதில்லை. எந்தச் சாமியை எப்படிக் கூப்பிடுவது என்றுகூட அந்த நிமிடம் தெரியவில்லை. 'அக்கா கேக்கிற ஆளு யாரோ, எனக்கும் கொஞ்சம்' என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன்.

"பாக்கல சார்," என்றேன். "பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்."

என்னை நிரந்தரமாக்குவது ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அம்மா ஒரு வாரம் போனில் பேசவில்லை. இன்சார்ஜை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். விபத்து கவர் இல்லாத மெஷினால் வந்தது என்றே எழுதினார்கள். மஞ்சுளாவுக்குச் சேரவேண்டியது சேர்ந்தது. காயம் ஆறித் திரும்பி வந்தபோது பேக்கிங்கில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். முதல் நாள் வீட்டிலிருந்து ராகிக் களியும் அவரைக்காய்ச் சாறும் கொண்டுவந்து கேன்டீனில் அக்காவுக்கு ஊட்டிவிட்டாள். கட்டைவிரலும் மற்ற விரல்களும் போதும் என்று காட்டுவதற்காகவே ஊட்டினாள் என்று நினைக்கிறேன்.

அக்காவின் லீடர் பதவி போயிற்று. நாற்காலியும் போயிற்று. மறு திங்கட்கிழமையே ஆபரேட்டராக நிறுத்தினார்கள். எந்த மெஷின் என்று கேட்டபோது அவளே ஏழாம் மெஷினைக் கேட்டு வாங்கினாள். அங்கே நிற்க யாருக்கும் மனம் வராமல் இருந்தது.

புதிய லீடர் லைனிலிருந்தே வந்தவள், எங்களையெல்லாம்விடச் சின்னவள். அன்று காலை செக் ஷீட்டும் பேனாவுமாக வந்து நின்றாள். அவளுக்குக் கூச்சம்.

"அக்கா, ஏழுக்கு டிக் போட்டுடட்டுமா?"

"இரு, பாத்துட்டுச் சொல்றன்."

அக்கா ஒரு கையால் மெஷினைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். முழங்கால் மடங்கவில்லை. பக்கத்து மெஷின்காரி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கண்ணாடி கவரைத் தொட்டுப் பார்த்தாள். போல்ட்டைத் திருகிப் பார்த்தாள். அடியில் தலையை விட்டு சுவிட்சைப் பார்த்தாள். ஷிப்ட் தொடங்குகிற மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்திருந்தவள் அவள் எழுந்ததும் தன் மெஷினுக்குப் போய்க் குனிந்தாள். பிறகு எட்டாவது. பிறகு மூன்றாவது. கொஞ்ச நேரத்தில் பதினான்கு பேரும் குனிந்திருந்தார்கள். நானும் என் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்றாம் மெஷினிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்தேன்.

அன்று லைன் பதினோரு நிமிடம் தாமதமாக ஓடியது. தாமதத்துக்குக் காரணம் எழுதுவதற்கு ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் உண்டு. மின்சாரம், மெஷின் பழுது, ஆள் வரவில்லை என்று ஏதாவது எழுதுவோம். புதிய லீடர் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள். பிறகு எழுதினாள்: 'பார்த்துக்கொண்டிருந்தோம்.'